எண்ணப்பட்ட காடும் எண்ணப்படாத மனிதரும்

நாங்கள் வேலை செய்கிற ரெஸ்ரோறன்ற்றில் பீற்சா சுடுவது விறகு அடுப்பில்தான். வாரத்துக்கு ஒருமுறை குசினியின் பின்வாசலில் விறகு வந்து இறங்கும். ஒரே நீளத்துக்கு அறுத்துப் பிளந்து காயவைத்த பூஹே மரம். இறக்கி அடுக்குவது எங்கள் வேலை. ஒருநாள் விறகு கொண்டுவருகிற கிழவரிடம், ஊசியிலை மரம் மலிவுதானே, அதைக் கொண்டுவந்தால் என்ன என்று கேட்டோம். அது பிசின் மரம், பொறி பறக்கும், புகைக்கூடு கரிபிடிக்கும் என்றார். போகும்போது திரும்பி நின்று, "ஒருகாலத்தில் இந்த நாட்டுக் காடெல்லாம் பெரும்பாலும் பூஹேதான். எங்கள் பாட்டன்மார்தான் ஊசியிலையாக மாற்றினார்கள்" என்றார்.

எங்களில் சிலர் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்தவர்கள். கோப்பை கழுவிய நேரம் போக மிஞ்சும் நேரத்தில் நகர நூலகத்தில் குந்தியிருந்து வாசிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. கிழவரின் அந்த ஒரு வசனம் எங்களைப் பல மாதங்கள் அலைக்கழித்தது. இங்கே கைதுடைக்கிற கடதாசிப் பெட்டியிலிருந்து விறகுக் கட்டு வரை எல்லாவற்றிலும் 'நாஹ்ஹால்ற்றிக்' என்று அச்சடித்திருக்கிறார்கள். தமிழில் 'பேண்தகு' என்று எழுதுகிறோம். இந்தச் சொல் எங்கே பிறந்தது, யாருக்காகப் பிறந்தது என்று தேடியதில் கிடைத்ததையே இங்கு எழுதுகிறோம்.

சொல் பிறந்த இடம் காடு அல்ல, வெள்ளிச் சுரங்கம். கிழக்கு ஜேர்மனியின் சக்சனிப் பகுதியில் ஃப்றைபேர்க் என்ற ஊர். வெள்ளியை உருக்கக் கரி வேண்டும். சுரங்கத்தைத் தாங்கக் குற்றிகள் வேண்டும். பாறையைச் சூடாக்கி வெடிக்கவைக்கக்கூட விறகுதான். மலைகள் மொட்டையாகின. வெள்ளி இருந்தது, அதை உருக்க மரம் இல்லை. அரசனின் வருமானம் ஆட்டங்கண்டது. அந்நேரம் சுரங்க நிர்வாகத்தின் தலைவராயிருந்த ஹான்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ் 1713இல் காடு வளர்ப்புப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். உடனடிப் பணத்துக்காகக் காட்டை அழிப்பதைக் கண்டித்தார். விதையுங்கள், நடுங்கள், அடுப்புகளைச் சிக்கனமாகக் கட்டுங்கள், விறகுக்குப் பதிலாக முடிந்த இடத்தில் கரிமண்ணை எரியுங்கள் என்றார். தொடர்ந்து நிலைத்து நிற்கும் பயன்பாடு என்ற கருத்தில் அச்சொல்லை அந்த நூலில்தான் எழுதினார். அடுத்த ஆண்டு இறந்தும்போனார்.

மரம் நடுவதை அவர்தான் கண்டுபிடித்தார் என்பதில்லை. 1368இலேயே நூரன்பேர்க் நகரத்து வணிகர் பீற்றர் ஸ்ரோமர் காட்டில் பைன் விதை விதைப்பித்திருக்கிறார். பிரான்சில் 1669இல் கொல்பேர் கப்பற்படைக்காகக் காட்டுச் சட்டம் கொண்டுவந்திருக்கிறார். கார்லோவிட்ஸ் தந்தது அதற்குரிய சொல்லை. நூறு வருடம் கழித்து அச்சொல்லைக் கணக்காக மாற்றியவர்கள் ஹார்ட்டிக், கொட்டா என்ற இருவர். கொட்டா 1811இல் தாரண்ட் என்ற ஊரில் தன் வனவியற் பள்ளியை நிறுவினார். அது ஐரோப்பா முழுவதற்கும் வழிகாட்டியானது.

கணக்கு மிக எளிது. ஒரு மரம் முற்ற நூறு வருடம் என்றால் காட்டை நூறு துண்டாகப் பிரி. வருடம் ஒரு துண்டை வெட்டி, வெட்டிய இடத்தில் நடு. கடைசித் துண்டை வெட்டி முடிக்கையில் முதற் துண்டு மீண்டும் முற்றியிருக்கும். பின்னர் இதைத் திருத்தி, வருடத்தில் எவ்வளவு மரம் வளர்கிறதோ அவ்வளவுக்கு மேல் வெட்டாதே என்றார்கள். வட்டியைச் சாப்பிடு, முதலில் கைவைக்காதே. சீட்டுப் பிடித்த எங்களுக்கு இது விளங்காத கணக்கா?

ஆனால் கணக்கெழுத எல்லாம் ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஒரே வயது, ஒரே இனம், நேர்வரிசை. ஆகவே விரைவாக, நேராக வளரும் ஊசியிலை மரம் பூஹேயின் இடத்துக்கு வந்தது. அதோடு இன்னொன்றும் நடந்தது. காட்டில் ஆடுமாடு மேய்த்தவர்கள், மாட்டுக்கொட்டிலுக்குச் சருகு அள்ளியவர்கள், சுள்ளி பொறுக்கியவர்கள் எவரும் அந்தக் கணக்கேட்டில் வரவு அல்ல, செலவு. தலைமுறை தலைமுறையாக வழக்கமாயிருந்தது களவு ஆயிற்று. றைன்லாந்து சட்டசபை விறகுத் திருட்டுச் சட்டத்தை விவாதித்ததைப் பற்றி 1842இல் கொலோன் நகரப் பத்திரிகையொன்றில் தொடர்கட்டுரை எழுதினார் ஓர் இளைஞர். வயது 24. விழுந்து கிடக்கிற சுள்ளி மரத்தின் சொத்தே அல்லாதபோது அது எப்படி மரத்துச் சொந்தக்காரனின் சொத்தாகும் என்பது அவருடைய வாதம். பொருளாதாரக் கேள்விகளின் பக்கம் தன்னை முதலில் திருப்பியவற்றில் அந்த விவாதமும் ஒன்று என்று பின்னர் அவரே எழுதினார். அவர் கார்ல் மார்க்ஸ்.

கணக்கு மரத்தையாவது காப்பாற்றியதா? ஜேர்மனியில் காடு மீண்டும் வளர்ந்தது உண்மை. இன்று நாட்டின் மூன்றிலொரு பங்கு காடு. இதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் ஒரே இனத்தை வரிசையாக நட்டால் புயலுக்கும் வண்டுக்கும் அது விரித்துவைத்த பாய். மியூனிக்கில் கார்ல் கையர் என்ற பேராசிரியர் 1886இலேயே கலப்புக்காடு வேண்டும் என்று நூல் எழுதினார். கேட்டவர்கள் குறைவு. 2018இல் தொடங்கிய தொடர் வறட்சியில் ஊசியிலை மரங்கள் தாகத்தில் நின்றன. பட்டைவண்டு புகுந்தது. சில வருடங்களுக்குள் ஏறத்தாழ 5 இலட்சம் ஹெக்ரெயர் காடு நாசமானது. ஹார்ஸ் மலையில் சாம்பல் நிறக் கம்பங்களாய் நின்ற மரங்களை ரயிலில் போகும்போது நாங்களே பார்த்தோம். இப்போது அவ்விடங்களில் பல இனங்களைக் கலந்து நடுகிறார்கள், அல்லது தானாக முளைக்க விடுகிறார்கள். பூஹே மெல்லத் திரும்புகிறது.

சொல்லின் பொருளும் விரிந்திருக்கிறது. 1993இல் ஹெல்சிங்கியில் கூடிய ஐரோப்பிய அமைச்சர்கள் தந்த வரையறையில் மரத்தின் அளவு மட்டும் இல்லை. உயிரினப் பன்மை, மீளமுளைக்கும் ஆற்றல், காட்டின் சமூகப் பயன் எல்லாம் இருக்கின்றன. நல்லது. ஆனால் எங்கள் நாடுகளுக்குக் கப்பலேறியது இந்தத் திருத்திய கணக்கு அல்ல. பழைய கணக்கு.

அதைக் கொண்டுபோனவர் டீற்றிஷ் பிராண்டிஸ். பொன் நகரத்தில் பிறந்த தாவரவியலாளர். 1856இல் பிரித்தானியர் அவரைப் பர்மாவின் தேக்கங்காட்டுக்குப் பொறுப்பாக்கினார்கள். யானைமேல் இருந்தபடி, கையில் குச்சிகளை வைத்து, கண்ட தேக்குகளைப் பருமன்வாரியாக அக்குச்சிகளில் கத்தியால் கீறிக் கீறி எண்ணினாராம். எண்ணியபின்தான் எத்தனை வெட்டலாம் என்று எழுதினார். 1864இல் இந்தியக் காடுகள் முழுவதற்கும் தலைமை அதிகாரியானார். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த ஷ்லிச், ரிபென்ட்றோப் இருவரும் ஜேர்மனியரே. 1878இன் இந்திய வனச் சட்டம் காட்டை ஒதுக்கக்காடு, பாதுகாத்த காடு, ஊர்க்காடு என்று பிரித்தது. ஊர்க்காடு பரவலாக வேண்டும், சனங்களின் உரிமையை அடியோடு பறிக்கக்கூடாது என்று வாதாடியவர் பிராண்டிஸ். அந்தப் பக்கம் தோற்றது. ஒதுக்கக்காடு பெருகியது, ஊர்க்காடு பெரும்பாலும் ஏட்டோடு நின்றது.

இலங்கையில் நிலம் ஏற்கெனவே தயாராயிருந்தது. காடும் தரிசும் பயிரிடாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று 1840ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிவிட்டது. நிரூபிப்பது ஊரவன் பொறுப்பு. 1882இல் இந்திய வனச்சேவையிலிருந்து வந்த வின்சென்ற் அறிக்கை எழுதினார். 1885இல் வனச் சட்டம் வந்தது. பெருந்தோட்டங்களுக்காக மலைக்காடுகள் மொட்டையடிக்கப்பட்ட அதே நூற்றாண்டில், காட்டின் எதிரியாக எழுதப்பட்டவன் சேனைப்பயிர் செய்தவன்.

இதெல்லாம் பழங்கதை என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம். எங்களோடு வேலை செய்கிற ஒருவரின் சிற்றப்பா வன்னியில் பலதரம் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, 2009க்குப் பின் தன் காணிக்குத் திரும்பினார். வரம்பு தெரியவில்லை. பற்றையும் இளமரங்களுமாக இருந்தது. இடிந்த கிணற்றுக்கட்டைக் கண்டுதான் தன் காணியென்று பிடித்தார். கிணற்றுக்கு இப்பால் எல்லைக்கல் நாட்டியிருந்தது. இது காடு, நீ அத்துமீறி நுழைந்தவன் என்றார்களாம். உறுதி ஓடும்போது எரிந்துவிட்டது. தொலைபேசியில் அவர் சொன்னது இதுதான்: "நான் ஓடினபடியால்தான் தம்பி அந்த மரங்கள் வளர்ந்தது."

காடு வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. பதுங்குகுழிக்குப் பனையைத் தறித்தவர்கள் நாங்கள். எங்கள் கையிலும் பிசின் இருக்கிறது. வளர்வதற்கு மேல் வெட்டாதே என்ற விதியைவிட நேர்மையான விதியை எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த விதி பிறந்த நாளிலிருந்து அதனோடு கூடவே ஒரு கேள்வியும் நிற்கிறது. யாருக்காக மிச்சம் பிடிக்கிறோம்? சுரங்கத்துக்கா, கப்பற்படைக்கா, வரைபடத்துக்கா? மரத்தைக் குச்சியில் கீறி எண்ணியவர்கள், அதன் கீழ் இருந்த குடிசைகளையும் எண்ணியிருந்தால் கணக்கு வேறாக வந்திருக்கும்.

சிற்றப்பா இப்போது அந்தக் கல்லுக்கு வெளியே கொட்டில் போட்டு இருக்கிறார். சமையலுக்குச் சுள்ளி பொறுக்கக் கல்லுக்கு உள்ளே போகவேண்டியிருக்கிறதாம். இருட்டுமுன் போய் வந்துவிடுவாராம். நாங்கள் இங்கே பூஹே விறகை அடுக்கிக்கொண்டிருக்கிறோம்.