எது சொல்?

என் நாவல்களில் எந்தச் சொல்லை நான் அளவுக்கு மீறிப் புழங்குகிறேன் என்று தெரிந்துகொள்ளும் ஆசை சென்ற மாதம் எனக்கு உண்டாயிற்று. தங்கை பிள்ளை கம்ப்யூட்டர் படித்தவன். "அரை மணியில் எண்ணித் தருகிறேன், மாமா" என்று உட்கார்ந்தான். பட்டியல் வந்தது. பார்த்தால், 'தமிழ்' என்ற சொல்லையே காணோம்! 'தம' இருந்தது, சற்றுத் தள்ளி 'ழ' இருந்தது.

"என்னடா இது, கசாப்புக் கடையா?" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்ன விவரம் ஒரு சரித்திரமாகவே இருந்தது.

1963ல் அமெரிக்காவில் 'ஆஸ்கி' என்ற எழுத்து அட்டவணையை வகுத்தார்கள். மொத்தம் 128 இடங்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். 1976ல் பெர்க்லியில் பில் ஜாய் என்ற மாணவர், கம்ப்யூட்டரில் எழுதித் திருத்துவதற்கு 'வி-ஐ' என்ற கருவியைச் செய்தார். ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குத் தாவ வேண்டுமே! எது சொல்? அந்தக் கருவியில் இரண்டு பதில்கள் உண்டு. சின்ன 'டபிள்யூ'வைத் தட்டினால், எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் தொடர்ந்து வருவது ஒரு சொல். மற்றக் குறிகள் தனிச் சொல். பெரிய 'டபிள்யூ'வுக்கு, இடைவெளி வரும்வரை எல்லாம் ஒரே சொல். ஆங்கிலத்தில் அப்பாஸ்டிரபி போட்டு எழுதும் 'டோன்ட்' முன்னதற்கு மூன்று சொல், பின்னதற்கு ஒன்று! அடிக்கோடு ஏன் சொல்லில் சேர்ந்தது? நிரல் எழுதுகிறவர்கள் பெயர்களை அதனால் ஒட்டுவது வழக்கம். அவரவர் தொழிலுக்கு ஏற்ற இலக்கணம்!

1991ல் வந்த யூனிகோடில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. அதில் 'ம' எழுத்து. அதன்மேல் ஏறும் கொக்கியும் புள்ளியும் குறிகள். குறியை முன்னெழுத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது யூனிகோடின் சொல்-எல்லை விதி. ஆனால் எழுத்தும் எண்ணும் மட்டுமே சொல் என்ற பழைய வழக்கம் சில நிரல்களில் இன்னும் இருக்கிறது. அவற்றுக்கு நம் புள்ளி வெறும் இடைவெளி. தேடினால் கிடைக்காத சொல், இல்லாத சொல்லுக்குச் சமானந்தானே?

இந்தச் சங்கடம் நமக்குப் புதிதல்ல. ஏட்டுச்சுவடியில் பெரும்பாலும் புள்ளியும் இராது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இராது. 1887ல் சீவகசிந்தாமணியை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர் யாப்பையும், நச்சினார்க்கினியர் உரையையும், பொருளையும் பார்த்தல்லவா சொல்லைப் பிரித்திருக்க வேண்டும்? யந்திரம் ஓரத்தைப் பார்க்கிறது. அவர் உள்ளே பார்த்தார்.

பையன் குறிகளையும் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு வரியை மாற்றினான். 'தமிழ்' முழுசாக வந்தது. பட்டியலின் தலையில் நின்ற சொல் 'ஆனால்'. இனி அதைக் குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும். இந்தக் கட்டுரையிலேயே ஒன்று வந்துவிட்டது!