ஆய்வுகூடமும் அங்காடியும்: சேர் சங்கர் பாலசுப்பிரமணியனின் பணி

பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் வணிக நிறுவனம் தொடங்குவதைப் புலமைக்கு நேர்ந்த இழுக்காகக் கருதும் மனப்பாங்கு நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. அறிவு தேடுவோர் ஒரு சாரார், பொருள் தேடுவோர் மற்றொரு சாரார் என்பது அதன் அடிப்படை. புற்றுநோய் ஆய்வின் அண்மைக்கால வரலாறு இப்பாகுபாட்டை மீள நோக்குமாறு நம்மைத் தூண்டுகின்றது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் சேர் சங்கர் பாலசுப்பிரமணியனின் பணி இதற்குத் தக்க சான்றாகும்.

1966இல் சென்னையிற் பிறந்த சங்கர், மறு ஆண்டே பெற்றோருடன் இங்கிலாந்து சென்று அங்கேயே வளர்ந்தார். கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் பயின்று, நொதியங்கள் பற்றிய ஆய்வுக்காகக் கலாநிதிப் பட்டம் பெற்றார். அமெரிக்காவிற் சில காலம் ஆய்வு செய்தபின், 1994இல் கேம்பிரிட்ஜுக்கே ஆசிரியராக மீண்டார்.

அங்கு அவரும் பௌதிக இரசாயனவியலாளர் டேவிட் கிளெனர்மனும் எழுப்பிய வினா மருத்துவம் சார்ந்ததன்று, வணிகம் சார்ந்ததுமன்று. டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் பொலிமரேசு என்னும் நொதியம் தொழிற்படுவதைத் தனி மூலக்கூறு மட்டத்திற் காண இயலுமா என்பதே அவ்வினா. அதன்பொருட்டு டி.என்.ஏ.யின் அலகுகளுக்கு ஒளிரும் நிறமூட்டினர். இதே உத்தியால் டி.என்.ஏ.யின் எழுத்தொழுங்கையே வாசிக்கலாம் என்ற எண்ணம் 1997ஆம் ஆண்டுக் கோடையில் அவ்விருவரின் உரையாடல்களில் முதிர்ந்தது. டி.என்.ஏ.யைச் சிறு துண்டுகளாக்கிக் கண்ணாடித் தளத்திற் பதித்தல். நால்வகை நிறம் பூண்ட அலகுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தல். ஒவ்வொரு முறையும் ஒளிரும் நிறத்தைப் படம் பிடித்தல் என்பனவே அம்முறையின் சாரம். கோடிக்கணக்கான துண்டுகள் ஒரே வேளையில் வாசிக்கப்படுவதிலேயே அதன் வலிமை தங்கியுள்ளது.

இதனை நடைமுறைப்படுத்த இரசாயன அறிவு மட்டும் போதாது. ஒளியியல், பொறியியல், கணினியியல் ஆகியவற்றில் வல்லோரை ஆண்டுக்கணக்கில் ஒருங்கே தாங்குதல் தனியொரு பல்கலைக்கழகத் துறைக்கு இயல்வதன்று. ஆகவே 1998இல் முதலீட்டாளர் துணையுடன் சொலெக்சா என்னும் கம்பனி நிறுவப்பட்டது. தனி மூலக்கூறின் மங்கலான ஒளி பெரும் இடர்ப்பாடாயிற்று. ஒவ்வொரு துண்டையும் அதன் இடத்திலேயே பல பிரதிகளாக்கும் முறையைப் பஸ்கால் மயேர் முதலியோர் வேறிடத்தில் உருவாக்கியிருந்தனர். அதன் உரிமையை 2004இல் பெற்றதன் வாயிலாக அவ்விடர் நீங்கிற்று. 1977இல் பிரெடரிக் சாங்கர் கேம்பிரிட்ஜிலே வாசித்த அதே வைரசின் டி.என்.ஏ.யை 2005இல் இப்புதுமுறை வாசித்துக் காட்டியது. 2006இல் முதற்கருவி சந்தைக்கு வந்தது. 2007இல் அமெரிக்காவின் இலுமினா கம்பனி ஏறத்தாழ 60 கோடி டொலர் பெறுமதிக்குச் சொலெக்சாவைத் தன்வசமாக்கியது.

புற்றுநோய் என்பது பரம்பரையலகுகளில் நேரும் விகாரங்களின் விளைவாதலின், இக்கருவியின் பயன் அத்துறையில் விரைந்து புலப்பட்டது. 1990இல் தொடங்கி 2003இல் முற்றுப்பெற்ற மனித மரபுத்தொகுதித் திட்டம் ஏறத்தாழ 300 கோடி டொலரை வேண்டி நின்றது. ஆனால் 2008இலேயே, குருதிப் புற்றுநோயாளி ஒருவரின் புற்றுக்கலங்களும் நலமான தோற்கலங்களும் இம்முறையால் முழுமையாக வாசிக்கப்பட்டு ஒப்புநோக்கப்பட்டன. இன்று ஒருவரின் மரபுத்தொகுதியைச் சில நாட்களில், ஆயிரம் டொலருக்கும் குறைந்த செலவில் வாசிக்க முடிகின்றது.

கம்பனி கைமாறிய பின்னும் சங்கர் ஆய்வுகூடத்தை விட்டு நீங்கினாரல்லர். டி.என்.ஏ. இரட்டை இழையாக மட்டுமன்றி நான்கிழைக் கட்டமைப்பாகவும் மனிதக் கலங்களில் உள்ளதென 2013இல் அவர் குழுவினர் காட்டினர். கலப்பிரிவோடு தொடர்புற்ற அக்கட்டமைப்பைப் புற்றுநோய் மருந்தின் இலக்காக்குதல் அவர்தம் ஆய்வின் நோக்கங்களுள் ஒன்றாயிற்று. 2012இல், டி.என்.ஏ.யின் மீதான இரசாயன மாற்றங்களை வாசிக்கும் மற்றொரு கம்பனியையும் நிறுவினார். ஆக, ஆய்வாளர் வணிகராக மாறினார் என்பதினும், வணிகத்தை ஆய்வின் கருவியாக்கினார் என்பதே பொருந்தும்.

ஆயினும் இவ்வரலாற்றிற்கு மறுபக்கமும் உண்டு. பல்கலைக்கழகத்தில் முளைத்த எண்ணம் கம்பனியின் உடைமையாயிற்று. கருவியின் விலையையும் அதற்கு வேண்டிய இரசாயனப் பொருள்களின் விலையையும் சந்தையே விதிக்கின்றது. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாழும் ஏழை நோயாளி மகரகம அரச புற்றுநோய் வைத்தியசாலையைக் கட்டணமின்றி நாடலாம். புதிய வாசிப்பின் பயனும் அவ்வாறே அவரை அடையுமா என்பதை ஆய்வாளரோ முதலீட்டாளரோ தனித்துத் தீர்மானிப்பதில்லை. அது அரசினதும் சமுதாயத்தினதும் பொறுப்பாகும்.

மூலக்கூற்று உயிரியலும் உயிர்த்தொழினுட்பமும் கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் இன்று பயிலப்படுகின்றன. கருவியை விலைக்கு வாங்கிவிடலாம். பயன் கருதாது ஒரு நொதியத்தை உற்றுநோக்கிய ஆர்வத்தை வாங்குதல் இயலாது. அவ்வார்வத்திற்கு இடமளிக்கும் பல்கலைக்கழகம், அதனைச் செயலாக்கும் தொழின்முயற்சி, அதன் பயனை ஏழைக்கும் பகிரும் பொது வைத்தியம் ஆகிய மூன்றும் இணைந்தாலன்றி, ஆய்வுகூடத்திலிருந்து நோயாளியின் படுக்கை வரையுள்ள வழி முழுமை பெறாது.