கொதிகலன் அதிவெப்பமாதல்

வீட்டு மைய வெப்பமூட்டல் அமைப்பில், கொதிகலனுக்குள் உள்ள நீர் அளவுக்கு மீறிச் சூடேறி, பாதுகாப்புக் கருவி எரிவாயுவை அடைத்துவிடும் நிலையே கொதிகலன் அதிவெப்பமாதல். இங்கே பேசப்படும் கொதிகலன் (பாய்லர்) குளியலறை கெய்சர் போன்றதன்று. பிரிட்டனின் பெரும்பாலான வீடுகளில் எரிவாயுவில் நீரைச் சூடாக்கி, பம்பின் துணையோடு அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்பி, ஆறிய நீரைத் திரும்பப் பெற்று மறுபடி சூடாக்கும் சுற்று அமைப்பு அது. ஒருமுறை நின்றுபோனால் தற்செயல் எனலாம். மீட்டமைப்புப் பொத்தானை அழுத்திய பின்னும் திரும்பத் திரும்ப நின்றால் சுற்றில் எங்கோ கோளாறு இருக்கிறது.

தீ கூடிப்போனதால் கொதிகலன் அதிவெப்பமாவது அபூர்வம். தீ தரும் வெப்பத்தை நீர் அள்ளிக்கொண்டு போகாததே பெரும்பாலும் காரணம். 24 கிலோவாட் கொதிகலன் முழு வேகத்தில் எரியும்போது, போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் இடையே 20 டிகிரி வேறுபாடு இருக்க வேண்டுமானால், நிமிடத்துக்குச் சுமார் 17 லிட்டர் நீர் அதன் வழியே ஓட வேண்டும். ஓட்டம் 6 லிட்டராகக் குறைந்தால் வேறுபாடு 57 டிகிரியாக விரியப் பார்க்கும். 50 டிகிரியில் உள்ளே வரும் நீர் 100-ஐத் தாண்ட வேண்டியிருக்கும். ஓட்டம் அடியோடு நின்று, வெப்பப் பரிமாற்றிக்குள் 2 லிட்டர் நீர் மட்டும் தேங்கியிருந்தால், 60 டிகிரியிலிருந்து 95-ஐ எட்ட அதற்குப் பன்னிரண்டு விநாடி போதும்.

பழைய வார்ப்பிரும்புக் கொதிகலன்களுக்கு இந்தப் பதற்றம் குறைவு. கனத்த இரும்பும் உள்ளிருந்த நீரும் சிறிது நேரம் வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலுக்குப் பின் பொது விதியாகிவிட்ட கண்டென்சிங் கொதிகலன்கள் அலுமினியத்தாலோ துருப்பிடிக்காத எஃகாலோ ஆன சிறு பரிமாற்றி கொண்டவை. புகையிலுள்ள நீராவியின் வெப்பத்தையும் அவை பிடித்துக்கொள்ளும். ஆனால் நீரோட்டம் குறைந்தால் உடனே நின்றுவிடும். பழைய குழாய்களையும் ரேடியேட்டர்களையும் அப்படியே வைத்துக்கொண்டு கொதிகலனை மட்டும் மாற்றிய வீடுகளில் இந்தத் தொல்லை முளைப்பதன் காரணம் இதுதான். புதிய கொதிகலன் மட்டமானது என்று வீட்டார் நினைப்பார்கள். பல வேளைகளில் பழைய கொதிகலன் பொறுத்துக்கொண்டிருந்ததைப் புதியது பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

பாதுகாப்பு இரண்டு படிகளில் இயங்குகிறது. முதலில், போகும் குழாயில் உள்ள வெப்ப உணரி சூடு ஏறுவதைக் கண்டு தீயைத் தணிக்கும் அல்லது அணைக்கும். நீர் ஆறியதும் தீ தானாக மீண்டும் பற்றும். அதையும் மீறினால், பெரும்பாலும் 100 டிகிரியை ஒட்டி, தனித் துண்டிப்பான் ஒன்று எரிவாயுவை அடைத்துக் கொதிகலனைப் பூட்டிவிடும். ஆள் வந்து மீட்டமைக்கும் வரை அது எரியாது. திரையில் தோன்றும் குறியீடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வேய்லண்டில் எஃப்.20, பாக்ஸியில் இ110, ஐடியல் லாஜிக் வகையில் எல்1. வேய்லண்டில் எஃப்.24 என்றால் சூடு மிக வேகமாக ஏறுகிறது என்று பொருள். நீரோட்டத்தைச் சந்தேகிக்க அதைவிட நேரான தடயம் இல்லை.

எப்போது நிற்கிறது?

பழுது தேடுவதில் திறமை வெளிப்படுவது கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே. கொதிகலன் எந்த நேரத்தில் பூட்டிக்கொள்கிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பற்றவைத்த ஒரு நிமிடத்துக்குள் நின்றால் நீர் ஓடவே இல்லை எனலாம். பம்பு சிக்கியிருக்கும், வால்வு மூடியிருக்கும், அல்லது பம்பில் காற்று அடைத்திருக்கும். கோடை முழுவதும் சும்மா இருந்த பம்பு இலையுதிர் காலத்தில் முதன்முறை இயக்கும்போது இறுகிப்போயிருப்பது வழக்கமான கதை.

தீ அணைந்த பிறகு பூட்டிக்கொள்வதுதான் பலரைக் குழப்பும். தீ அணைந்தாலும் பரிமாற்றியின் உலோகத்தில் சூடு மிச்சமிருக்கும். அதை அகற்றப் பம்பு மேலும் சில நிமிடங்கள் ஓட வேண்டும். அதற்குப் பம்புக்கு எப்போதும் மின்சாரம் வந்துகொண்டிருக்க வேண்டும். கம்பி இணைத்தவர் பம்பை நேரக்கட்டுப்பாட்டுச் சுவிட்சோடு சேர்த்துவிட்டால், சுவிட்சு அணைந்த நொடியே பம்பும் நிற்கும். மிச்சச் சூடு தேங்கிய நீரில் ஏறும். இரவு நன்றாக இருந்த கொதிகலன் விடியற்காலையில் பூட்டிக் கிடக்கும்.

கடுங்குளிரில் ஒழுங்காக ஓடி, இளவேனிலில் மட்டும் நின்றால், ரேடியேட்டர்களில் உள்ள தெர்மோஸ்டாட் வால்வுகளைப் பார்க்க வேண்டும். அறை போதிய சூட்டை அடைந்ததும் அவை ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். எல்லாமே மூடினால் பம்பு தள்ளும் நீருக்குப் போக்கிடமில்லை. அதற்காகவே பைபாஸ் வால்வு வைப்பார்கள், அல்லது ஒரு ரேடியேட்டரை வால்வில்லாமல் திறந்தே விடுவார்கள். அந்த ரேடியேட்டரைச் சுவருக்கு வண்ணம் பூசுவதற்காக யாராவது மூடிவைத்திருந்தால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரேடியேட்டர்கள் ஓடும்போது சிக்கலில்லை, குழாயைத் திறந்து வெந்நீர் பிடிக்கும்போது மட்டும் சூடும் குளிருமாக மாறி மாறி வருகிறது என்றால், தொட்டியில்லாமல் நீரை உடனுக்குடன் சூடாக்கும் காம்பி வகைக் கொதிகலனில் வெந்நீருக்கான தட்டுப் பரிமாற்றியில் உப்புப் படிந்திருக்கும். தனி வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில், தொட்டியைச் சூடாக்கும்போது மட்டும் கொதிகலன் நின்றால் மோட்டார் வால்வு பாதியில் சிக்கியிருக்கலாம்.

அடுத்தது குழாய்களின் வெப்பம். கைவைத்துச் சுட்டுக்கொள்ளாமல், குழாயில் கவ்வும் வெப்பமானியால் அளப்பது நல்லது. போகும் குழாய் கொதித்து, திரும்பும் குழாய் குளிர்ந்திருந்தால் ஓட்டம் அற்றுப்போயிருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் நீர் ஓடுகிறது, ஆனால் வெப்பத்தை எங்கும் இறக்கிவைக்காமலே திரும்புகிறது. பைபாஸ் அளவுக்கு மேல் திறந்திருக்கலாம். இரண்டுமே மிதமான சூட்டில் இருக்க, திரை மட்டும் அதிவெப்பம் என்றால் உணரியோ அதன் இணைப்போ கெட்டிருக்கும்.

சேறும் உப்பும்

ரேடியேட்டர்களின் எஃகு, நீரில் கரைந்த ஆக்சிஜனால் மெல்ல அரிக்கப்பட்டு, மேக்னடைட் என்னும் கறுப்பு இரும்பு ஆக்சைடாக உதிர்கிறது. இதுவே பழுதுநீக்குவோர் சொல்லும் சேறு. ரேடியேட்டர் மேலே சூடாகவும் அடிப்பகுதி நடுவில் குளிர்ந்தும் இருந்தால் சேறு தங்கியிருக்கிறது. மேலே குளிர்ந்தும் கீழே சூடாகவும் இருந்தால் காற்று. அதிலும் எப்போதும் வெறும் காற்று இல்லை. அரிப்பால் உண்டாகும் ஹைட்ரஜனும் அங்கே சேரும் என்பதால், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திறப்பது நல்ல யோசனையன்று.

மூடிய சுற்றில் முதலில் இருந்த ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். அரிப்பு தொடர்கிறது என்றால் புதுநீரோ காற்றோ உள்ளே வந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் வழி இதுதான்: விரிவுக் கலனில் காற்றழுத்தம் இறங்கிவிட, சூடாகி விரியும் நீருக்கு இடமில்லாமல் அழுத்தம் 3 பாரை எட்டுகிறது, பாதுகாப்பு வால்வு திறந்து வெளிச்சுவர்க் குழாய் வழியே நீரைக் கொட்டுகிறது, ஆறியதும் அழுத்தமானி சுழியத்துக்கு அருகே விழுகிறது. வீட்டார் நிரப்பு குழாயைத் திறந்து மறுபடி 1 அல்லது 1.5 பாருக்கு ஏற்றுகிறார்கள். அழுத்தம் சரியாகிவிட்டது என்ற நிம்மதியோடு புது ஆக்சிஜனும் புதுச் சுண்ணாம்பும் உள்ளே போகின்றன. வாரந்தோறும் இப்படி நிரப்பும் வீட்டில் அதிவெப்பம் வருவதில் வியப்பில்லை. அங்கே முதலில் தேட வேண்டியது கசிவையும் விரிவுக் கலனையும்.

லண்டனும் தென்கிழக்கு இங்கிலாந்தும் கடின நீர்ப் பகுதிகள். அங்கே பரிமாற்றியின் உட்சுவரில் சுண்ணாம்பு ஏடாகப் படியும். தீயின் சூடு அந்த ஏட்டைத் தாண்டி நீருக்குப் போகத் தாமதமாவதால் உலோகம் மேலும் சூடேறும். ஏட்டின் அடியில் நீர் ஆங்காங்கே ஆவியாகிக் குமிழ் வெடிக்கும். உலை கொதிப்பது போல் வெளியே கேட்கும் அந்த உறுமலைத் தொழிலில் கெட்லிங் என்பார்கள். ஓட்டக் குறைவாலும் இதே ஓசை வரும் என்பதால், ஓசையை மட்டும் நம்பிப் பரிமாற்றியை மாற்றிவிடக் கூடாது.

பரணில் சிறு தொட்டி வைத்த பழைய திறந்த அமைப்புகளில், தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் சுற்றோடு சேரும் இடத்தில் சேறு கட்டியாக அடைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். செம்புக் குழாயில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இருப்பது மேக்னடைட். அந்தத் துண்டை வெட்டி மாற்றுவதைத் தவிர வேறு வைத்தியம் பெரும்பாலும் பலிப்பதில்லை. அதிவெப்பமான நேரத்தில் இத்தகைய வீடுகளின் பரண் தொட்டியில் வெந்நீர் கொட்டும், ஆவி பறக்கும்; அதைக் கண்டால் கொதிகலனை அணைத்து ஆறவிட வேண்டும்.

வீட்டார் செய்யக்கூடியதும் கூடாததும்

அழுத்தம் பார்ப்பது, ரேடியேட்டர் வால்வுகளைத் திறப்பது, ஆறிய பின் காற்று நீக்குவது, ஒருமுறை மீட்டமைப்பது ஆகியவை வீட்டார் வேலை. கொதிகலனின் மூடியைக் கழற்றுவது அவர்கள் வேலையன்று. பல வகைகளில் அந்த மூடியே எரிபுகை வீட்டுக்குள் கசியாமல் காக்கும் அடைப்பு. அது சரியாகப் பொருந்தாவிட்டால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரலாம். பிரிட்டனில் கூலிக்கு எரிவாயு வேலை செய்பவர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும்; 2009 ஏப்ரல் 1 முதல் பழைய கோர்கி பதிவுக்குப் பதிலாக அதுவே நடைமுறை. எரிவாயு வாடை வந்தால் பழுது தேடாமல் வெளியேறி 0800 111 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். துண்டிப்பானைக் கம்பியால் இணைத்துச் செயலிழக்க வைப்பது எந்த நிலையிலும் தகாது.

சேறு உறுதியானால் சுற்றை இரசாயனத்தாலோ வேக நீரோட்டத்தாலோ கழுவி, திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி பொருத்தி, அரிப்புத் தடுப்பான் கலப்பார்கள். கழுவாமல் புதுப் பம்பு மாட்டினால் அதே சேறு அதையும் அடைக்கும். பழைய, மெலிந்த ரேடியேட்டர்களில் வேகக் கழுவல் ஒளிந்திருந்த ஓட்டைகளைத் திறந்துவிடுவதும் உண்டு. தொடங்குமுன் இதைச் சொல்லாத பழுதுநீக்குநரிடம் வேலையைக் கொடுக்காமல் இருப்பது மேல்.

போகும் நீரின் வெப்பநிலையைத் திருகிக் குறைத்தால் பூட்டிக்கொள்வது சில நாள் நிற்கலாம். ஆனால் ஓட்டம் அப்படியேதான் இருக்கும். நல்ல சுற்றில் இதே குறைப்பு வேறொரு காரணத்துக்காக நன்மை தரும். திரும்பும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கண்டென்சிங் கொதிகலன் புகையின் நீராவியிலிருந்து வெப்பம் எடுக்க முடியும். இங்கிலாந்தில் 2022 ஜூனிலிருந்து புதிய வெப்பமூட்டல் அமைப்புகளைப் போகும் நீர் 55 டிகிரிக்கு மேற்படாதவாறு வடிவமைக்கக் கட்டட விதி கேட்கிறது. தனி வெந்நீர்த் தொட்டி உள்ள வீடுகளில் லெஜியோனெல்லா கிருமி பெருகாமலிருக்கத் தொட்டி நீரை 60 டிகிரியில் வைக்க வேண்டியிருப்பதால், அதைச் சூடாக்கும் நேரத்திலாவது கொதிகலன் அதற்கு மேல் ஏறித்தான் ஆக வேண்டும்.