திண்ணையும் சதுரமும்: சமய வகுப்பில் இருக்கை ஒழுங்கு

சங்கரன்கோவிலின் தலக்கதை ஒரு வாதத்தில் தொடங்குகிறது. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா எனச் சங்கன், பதுமன் என்னும் இரு நாகர்கள் வாதிட்டதாகவும், கோமதியம்மையின் தவத்திற்கு இரங்கி இறைவன் சங்கரநாராயணராகக் காட்சியளித்ததாகவும் அக்கதை கூறும். ஆடித்தபசு விழா இதனையே நினைவூட்டுகிறது. ஆயினும், இத்தகைய கதைகளைத் தமிழ் மக்கள் கோயில் மண்டபங்களில் அறிந்த முறை கேட்டலே ஆகும். ஒருவர் செய்யுளை வாசிப்பார்; மற்றொருவர் பொருள் விரிப்பார்; அவையோர் அமர்ந்து கேட்பர். கேட்போரும் வாய்திறந்து விடை கூறும் இருக்கை முறை சமயக் கல்விக்குள் எவ்வாறு வந்தது, அதில் எவருக்கு இடம் இருந்தது என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

இம்முறையை மிஷனரிகளின் கொடையாகக் கருதுவது பெருவழக்கு. அது முழுமையான விளக்கமன்று. மாணாக்கன் பாடங்கேட்கும் முறைகளுள் வினவுதலையும், பிறர் வினவியவற்றிற்கு விடை கூறுதலையும் நன்னூல் சேர்த்தே உரைக்கிறது. திண்ணைப் பள்ளியிலும் ஆசிரியர் ஒருவரே எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கவில்லை. மணலில் எழுத்துப் பழகிய சிறுவர்களைச் சட்டாம்பிள்ளை மேற்பார்த்தான். மூத்தவன் முறை சொல்ல இளையவர் திருப்பிச் சொல்லினர். தரையில் நெருங்கி அமர்ந்த அச்சிறு கூட்டத்தில் வாளாவிருக்க எவராலும் இயலாது.

இவ்வமைப்பின் பயனை உணர்ந்தவர் ஆண்ட்ரூ பெல். 1789-இல் சென்னை எழும்பூர் இராணுவ ஆண்கள் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற அவர், தமிழ்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு பிறருக்குக் கற்பித்தார். 1797-இல் இலண்டனில் அவர் நூல் வெளியாயிற்று. 1811-இல் தோன்றிய இங்கிலாந்துத் திருச்சபைசார் கல்விக் கழகம் அவருடைய முறையை மேற்கொண்டது. அப்பள்ளிகளின் கூட அமைப்பு கருதத்தக்கது. எழுதுமேசைகள் சுவரோரமாக இருந்தன. எழுதுகையில் பிள்ளைகள் சுவரை நோக்கி அமர்ந்தனர். நடுவிடம் வெறுமையாக விடப்பட்டது. வாசிப்பிற்கும் சமய வினாவிடைக்கும் ஒவ்வொரு வகுப்பும் அங்கே சதுரமாக நின்றது. ஒருவன் தவறினால், திருத்திச் சொன்னவன் அவனுக்கு மேலிடம் பெற்றான். விடையே நிற்குமிடத்தை உறுதி செய்தது.

தமிழகத்திலோ பிறப்பும் இடத்தை உறுதி செய்தது. தரங்கம்பாடி, தஞ்சைத் திருச்சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கைகள் நிலவின. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் அவ்வேறுபாட்டைக் கைவிடுமாறு ஆணையிட்டபோது தஞ்சைக் கிறித்தவர் பலர் எதிர்த்தனர். பெரும் புலவரான வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வேறுபாட்டின் பக்கமே நின்றார் என்பது அவ்வழக்கம் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டும்.

சங்கரன்கோவில் அடங்கிய வடதிருநெல்வேலிப் பகுதியில் நிலைமை சற்று வேறு. தாமஸ் ராக்லண்டும் துணைவரும் 1854 முதல் சிவகாசியை மையமாகக் கொண்டு கூடாரமடித்து ஊரூராகச் சென்று போதித்தனர். கூடாரத்தில் நிலையான இருக்கை ஏது? கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த சமூகத்தார்க்கு, சமயம் குறித்து வினவவும் வினவப்படவும் வாய்த்த இடங்களுள் அதுவும் ஒன்று. மதமாற்றம் அவ்வினாக்களின் நோக்கம் என்பது உண்மையே. எனினும், விடை சொல்லத் தக்கவராக அவர்கள் மதிக்கப்பட்டனர் என்பதும் வரலாற்றில் புறக்கணிக்கத்தக்கதன்று.

சைவத் தரப்பில் இதன் ஆற்றலை நன்குணர்ந்தவர் ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்து மெதடிஸ்டுப் பள்ளியில் பயின்று, பீட்டர் பெர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற அவர், 1848-இல் வண்ணார்பண்ணையிலும் 1864-இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார். வகுப்பிற்கேற்பப் படிநிலைப்பட்ட பாலபாடங்களும், வினாவும் விடையுமாக அமைந்த சைவவினாவிடையும் அவ்வழி வந்தவை. கேட்போனை விடை சொல்வோனாக மாற்றியது அவரது சாதனை. ஆனால் அவ்விடையைச் சொல்ல எவர் வகுப்பினுள் வரலாம் என்பதில் அவர் மரபான சாதி ஒழுங்கைத் தளர்த்தவில்லை. மிஷனரிகளிடமிருந்து அவர் ஏற்றது வகுப்பின் வடிவத்தை மட்டுமே.

ஒடுக்கப்பட்டோர்க்குக் கோயில் நுழைவைச் சென்னை மாகாணம் முழுமைக்கும் சட்ட உரிமையாக்கியது 1947-ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம். சங்கரனும் நாராயணனும் ஓருருவாக நிற்கும் சன்னிதியின் மண்டபத்தில் அமர்ந்து அக்கதையைக் கேட்பதும் அவர்களுக்கு அதன் பின்னரே சட்டப்படியான உரிமையாயிற்று.