எல்மைராவின் 22 கதவுகள்

1974-ஆம் ஆண்டு மே மாதத்து இரவொன்றில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் வெறியாட்டம் ஆடினார்கள். ஒருவருக்கு 18 வயது, மற்றவருக்கு 19. இருவரும் நன்றாகக் குடித்திருந்தார்கள். நிறுத்தியிருந்த கார்களின் டயர்களைக் கத்தியால் கிழித்தார்கள். கண்ணாடி ஜன்னல்களைக் கல்லெறிந்து உடைத்தார்கள். ஒரு படகை இழுத்துவந்து நடுத்தெருவில் போட்டார்கள். தேவாலயம் ஒன்றின் சிலுவையையும் விட்டுவைக்கவில்லை. விடிந்தபோது 22 பேரின் சொத்துகள் சேதமாகியிருந்தன. பொலிசார் இருவரையும் பிடித்தார்கள். இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

நான் குடியிருக்கும் கிச்சினர் நகரிலிருந்து எல்மைராவுக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. இன்றும் குதிரை வண்டியில் சந்தைக்கு வரும் பழமை பேணும் மெனனைட் குடும்பங்களை அங்கே காணலாம். வசந்தம் தொடங்கும்போது மேப்பிள் பாகுத் திருவிழா நடக்கும். மெனனைட்டுகள் ஆயுதம் எடுக்க மறுக்கும் கிறிஸ்தவர்கள். பகைத்தவரோடு சமாதானம் ஆவதைச் சமயக் கடமையாகக் கொண்டவர்கள். குற்றம் செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் நேரில் பேசிச் சேதத்தைச் சீர்செய்யும் வழியை இன்று உலகம் மறுசீரமைப்பு நீதி என்று அழைக்கிறது. அதன் நவீன வரலாற்றில் அந்தச் சிற்றூருக்கு இடம் கிடைத்ததற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம்.

மார்க் யான்சி அப்போது நன்னடத்தைக் கண்காணிப்பு அலுவலகத்தில் வேலை செய்தார். டேவ் வொர்த், மெனனைட் மத்தியக் குழுவைச் சேர்ந்தவர். இந்த இளைஞர்கள் தாங்கள் சேதப்படுத்திய வீடுகளுக்கே போய் உரியவர்களை முகத்துக்கு முகம் பார்த்தால் என்ன என்று இருவரும் யோசித்தார்கள். யான்சி அதை எழுதி நீதிமன்றத்துக்குக் கொடுத்தார். நீதிபதி கோர்டன் மக்கொனல் முதலில் தயங்கினார்; அப்படி உத்தரவிடச் சட்டத்தில் வழி இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. ஆனால், தண்டனை சொல்ல வேண்டிய நாளில் வழக்கை ஒரு மாதம் தள்ளிவைத்து, அந்த இடைவெளியில் பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்து இழப்பைக் கணக்கெடுத்து வரும்படி சொன்னார்.

ஒத்திகை எதுவும் நடக்கவில்லை. இளைஞர்கள் படியேறிக் கதவைத் தட்டினார்கள். யான்சியும் வொர்த்தும் குறிப்பேட்டோடு பக்கத்தில் நின்றார்கள். 22 பேரில் ஒருவர் ஊரை விட்டுப் போய்விட்டார். மற்ற 21 பேரையும் சந்தித்தார்கள். மொத்தச் சேதம் ஏறத்தாழ 2,200 டொலர். அதில் பாதியளவைக் காப்புறுதி ஈடுசெய்திருந்தது. நீதிபதி ஒவ்வொருவருக்கும் 200 டொலர் அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும் விதித்து, ஆளுக்கு 550 டொலர் வரை இழப்பீடு கொடுக்கச் சொன்னார். சில மாதங்களில் அவர்கள் அதே படிகளில் திரும்ப ஏறிப் பணத்தைக் கையில் கொடுத்தார்கள்.

அவர்களில் ஒருவர் பதினைந்து வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தவர். பல ஆண்டுகள் கழித்து எங்கள் பகுதிக் கல்லூரியில் சட்டம் சார்ந்த படிப்பில் சேர்ந்தார். ஒருநாள் வகுப்புக்கு வந்த விருந்தினர் ‘எல்மைரா வழக்கு’ பற்றிப் பேசியபோதுதான், தன் பழைய குற்றம் உலகம் முழுக்கப் பேசப்படுவது அவருக்குத் தெரிந்தது. பிறகு தானும் தன்னார்வச் சமரசப் பணியில் சேர்ந்து, தன் கதையை மேடைகளில் வெளிப்படையாகச் சொல்லிவந்தார்.

எல்மைரா அனுபவத்திலிருந்து, குற்றம் செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் சந்திக்கவைக்கும் ஒரு திட்டம் கிச்சினரில் பிறந்தது. 1978-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து எல்கார்ட் நகரம் அதைத் தொடர்ந்தது. அங்கே அந்தப் பணியில் ஈடுபட்ட ஹாவர்ட் ஸேர் 1990-இல் எழுதிய நூல், இந்தச் சிந்தனைக்கு ஒரு முழு உருவம் தந்தது. அதற்கு முன்னரே, 1977-இல், நோர்வேயின் குற்றவியல் அறிஞர் நில்ஸ் கிறிஸ்டி, மனிதர்களுடைய பிணக்குகளை அரசும் சட்டத்தரணிகளும் அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தார். நோர்வே 1991-இல் பிணக்குச் சபைகளுக்கென்றே சட்டம் இயற்றியது.

சட்டத்தின் நடுக்கூடத்துக்கு இதை முதலில் கொண்டுவந்த நாடு நியூசிலாந்து. அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பிள்ளைகள் பெருந்தொகையாகக் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டு அரசின் விடுதிகளில் அடைக்கப்பட்டதை எதிர்த்து அம்மக்கள் போராடினார்கள். ஜோன் ரங்கிஹாவ் தலைமையிலான குழுவின் அறிக்கை 1988-இல் வெளியானது. அடுத்த ஆண்டே புதிய சட்டம் வந்தது. அதன்படி, இளையவர் ஒருவர் பாரதூரமான குற்றம் செய்தால் குடும்பக் கூட்டம் கூடுகிறது. தாத்தா, பாட்டி, சிற்றப்பன், அத்தை என்று விரிந்த குடும்பம் உட்காருகிறது. பொலிசார் நடந்ததைச் சொல்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் தன் இழப்பைச் சொல்கிறார். அதன்பின் அதிகாரிகள் வெளியேற, குடும்பம் தனியே பேசி ஒரு தீர்வுத் திட்டத்தோடு வருகிறது. கொலை போன்ற சில வழக்குகள் மட்டுமே இதற்கு வெளியே நிற்கின்றன.

கனடாவிலும் பூர்வகுடிகளின் வட்டக்கூட்ட மரபு நீதிமன்றத்துக்குள் வந்தது. 1992-இல் யூக்கொன் பிரதேசத்தில் நீதிபதி பரி ஸ்ருவர்ட் வட்டமாக உட்கார்ந்து ஊராரோடு பேசித் தண்டனை வழங்கினார். 1996-இல் திருத்தப்பட்ட குற்றவியல் சட்டம், பாதிக்கப்பட்டவருக்கு ஈடுசெய்வதைத் தண்டனையின் நோக்கங்களில் ஒன்றாக்கியது. 1999-இல் உச்ச நீதிமன்றம் கிளாடு வழக்கின் தீர்ப்பில் அதை வலியுறுத்தியது. எல்மைராவில் கதவுகள் தட்டப்படுவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே இந்த அறிவைப் பூர்வகுடிகள் காத்துவந்தார்கள். அவர்களைக் கணக்கில் எடுக்காமல் எழுதப்படும் எந்த வரலாறும் அரைகுறையானது.

தமிழர்களான நாங்களும் இதற்குப் புதியவர்கள் இல்லை. இலங்கையில் 1958-இல் இணக்கசபைச் சட்டம் வந்தது. சபையின் சான்றிதழ் இல்லாமல் பல வழக்குகளை நீதிமன்றம் ஏற்காத காலம் அது. வடமராட்சியில் எங்கள் ஊர்ச் சபையில் ஐயாவும் ஓர் உறுப்பினர். வேலிச் சண்டை, மாடு பயிரை மேய்ந்தது, கைமாற்றுப் பணம் என்று எல்லாம் பள்ளிக்கூட மண்டபத்தில் பேசி முடிந்தன. பல குடும்பங்கள் வழக்குச் செலவால் காணியை ஈடுவைக்காமல் தப்பின. ஆனாலும் ஐயா ஒரு விடயத்தைக் கடைசிவரை வருத்தத்தோடு சொல்லுவார்: “பெரிய ஆக்கள் முன்னால் இருந்தால், சீவல் தொழிலாளி ஓம் எண்டுதான் சொல்லுவான். அதை நாங்கள் இணக்கம் எண்டு எழுதிப்போட்டம்.” பின்னர் 1988-இல் மத்தியஸ்த சபைச் சட்டம் வந்தது, இன்று நாடெங்கும் 300-க்கு மேற்பட்ட சபைகள் இயங்குகின்றன. ஐயாவின் வருத்தம் அவற்றுக்கும் பொருந்தும்.

இப்படித் திணிக்கப்படும் இணக்கத்தின் கொடிய வடிவத்தைத் தமிழ்நாட்டில் கண்டோம். 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம், பாலியல் வன்கொடுமைக்குத் தண்டனை பெற்றவருக்குப் பிணை கொடுத்து, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேச அனுப்பியது. அந்தப் பெண் மறுத்துவிட்டார். அதே நாள்களில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், இத்தகைய குற்றத்தில் சமரசத்துக்கே இடமில்லை என்று கண்டித்தது. உயர் நீதிமன்றமும் தன் உத்தரவை மீளப்பெற்றது. கட்டப்பஞ்சாயத்தும் அப்படித்தான் நடக்கிறது. அடிபட்டவரிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. அவருக்குச் சமாதானம் கட்டளையாகவே வருகிறது.

ஓய்வுபெற்றபின் நான் இங்கே ஒரு சமரச அமைப்பில் தன்னார்வலராக இருக்கிறேன். ஒரு மூதாட்டியின் வீட்டில் திருடிய பையனும் அவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அதற்கு முன் அவரிடம் பல தடவை தனியாகப் பேசியிருந்தோம். எந்த நேரத்திலும் எழுந்து போகலாம் என்று சொல்லியிருந்தோம். அவர் பணத்தைப் பற்றிப் பேசவேயில்லை. “என் வீட்டை முன்பே நோட்டம் பார்த்தாயா? என் கணவரின் மேசை லாச்சியைத் திறந்தாயா?” என்று கேட்டார். பார்க்கவில்லை, கதவு பூட்டாமல் இருந்தது, லாச்சியைத் தொடவில்லை என்றான் அவன். அந்த மூன்று விடைகளுக்குப் பிறகே அவருக்கு இரவில் நித்திரை வந்ததாகப் பின்னர் சொன்னார். சிறைத்தண்டனை எவ்வளவு நீண்டாலும் அந்த விடைகள் கிடைத்திராது.

இத்தகைய சந்திப்புகளின் பலன் பற்றி ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 1995 முதல் நடந்த பெரும் ஆய்வும் கவனிக்க வேண்டியது. குற்றம் செய்தவரை நேருக்கு நேர் சந்தித்த பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்பு கேட்கப்பட்டது, பயமும் கோபமும் தணிந்தன. வன்முறை செய்த இளையோர் மீண்டும் குற்றம் செய்வது குறைந்தது. குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய வழக்குகளில் அந்தப் பலன் தெரியவில்லை. அவற்றில் எதிரே உட்கார ஒரு பாதிக்கப்பட்டவரே இல்லை. திருட்டு வழக்குகளிலும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆகவே இதை எல்லாக் குற்றங்களுக்குமான மருந்தென்று நான் விற்கமாட்டேன்.

இந்த முறை பள்ளிகளுக்கும் பொலிஸ் நிலையங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் விரிய வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் தேங்கிய வழக்குகளைக் குறைக்கும் குறுக்குவழியாக அதை வளர்த்தால், ஐயாவின் சபை செய்த பிழையையே பெரிய அளவில் செய்வோம். நீதிபதிகளே, சட்டத்தரணிகளே, மத்தியஸ்த சபை உறுப்பினர்களே: எத்தனை கோப்புகளை மூடினீர்கள் என்று எண்ண வேண்டாம். பாதிக்கப்பட்டவரிடம் முதலில் கேட்டீர்களா, அவர் பயமில்லாமல் மறுக்க முடிந்ததா, அவருடைய கேள்விக்கு விடை கிடைத்ததா, சொன்ன ஈடு கைக்கு வந்து சேர்ந்ததா என்று எண்ணுங்கள். இந்த நான்குக்கும் ஆம் என்று சொல்ல முடியாத சமரசத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.