சிவப்பு ஈஸ்டின் கதை

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பனையேறிகளுக்குத் தெரிந்த சங்கதிதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் அக்கானி, தடவாமல் கட்டினால் கள். (மற்றவர்களுக்குப் பதநீர். கடல் தாண்டி வந்த பிறகும் எனக்கு அக்கானி என்றுதான் வாயில் வருகிறது.) சுண்ணாம்பின் காரம் ஈஸ்டைப் பெருக விடாது, அவ்வளவுதான் வித்தியாசம். கள்ளைப் புளிக்க வைக்கும் ஈஸ்டுகளில் முக்கியமானது சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ரொட்டி மாவைப் பொங்க வைப்பதும் இதேதான்.

இதே இனத்தை ஆய்வுக்கூடத் தட்டில் பரப்பினால், ஒவ்வொரு செல்லும் இரண்டு மூன்று நாளில் பெருகி, குண்டூசித் தலையளவு வெள்ளைப் புள்ளியாகும். அதைக் காலனி என்பார்கள். ஒரு காலனியில் இருப்பதெல்லாம் ஒரே தாயின் வம்சம். சில நேரம் வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பாக நிற்கும்.

காரணம் இதுதான். டி.என்.ஏ.வுக்கு வேண்டிய அடினைனை ஈஸ்ட் பல படிகளில் தயாரிக்கிறது. ஏடிஇ1 அல்லது ஏடிஇ2 ஜீன் பழுதானால் வேலை நடுவழியில் நின்று, அரைகுறைச் சரக்கு செல்லுக்குள் குவிந்து சிவப்பாகிறது. உணவில் அடினைனைத் தாராளமாகக் கொட்டினால் நிறம் வராது. அளந்துதான் கொடுக்க வேண்டும்.

1956-ல் அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த ஹெர்ஷல் ரோமன் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். (அதே வருஷம்தான் நாஞ்சில் நாட்டுத் தாலுகாக்கள் மதராஸ் மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது.) சிவப்பு ஈஸ்டை வளர்த்து, அதில் வெள்ளையானவற்றைப் பொறுக்கினார். இன்னும் முந்தின படியிலேயே வேலை நின்றுவிட்டால் குவிய ஒன்றும் இருக்காதல்லவா? அடினைன் பாதையின் மற்ற ஜீன்கள் பல இப்படித்தான் அகப்பட்டன.

1965-ல் பிரையன் காக்ஸ், சிவப்பும் வெள்ளையும் வழக்கமான மரபு விதிக்கு அடங்காமல் கைமாறுவதைப் பார்த்து, அதற்கு 'சை' என்று பெயர் வைத்தார். அது ஜீன் அல்ல, தன் உருவத்தைப் பிற புரதத்துக்கும் தொற்ற வைக்கும் பிரியான் புரதம் என்ற விளக்கத்தை 1994-ல் ரீட் விக்னர்தான் முன்வைத்தார். ஏறக்குறைய முப்பது வருஷம்!

எனக்குப் பிடித்தது 1985-ல் வந்தது. பில் ஹீட்டர் குழுவும், டக் கோஷ்லாண்ட், லீ ஹார்ட்வெல் குழுவும் தனித்தனியே செய்தார்கள். ஹீட்டர் குழு, பழுதான ஏடிஇ2-வைச் சரிக்கட்டும் ஒரு ஜீனைச் சின்னக் குரோமோசோம் துண்டில் ஏற்றியது. ஹீட்டரின் இரட்டை மரபுத் தொகுதி ஈஸ்டில் துண்டு இல்லாவிட்டால் சிவப்பு, ஒன்று இருந்தால் இளஞ்சிவப்பு, இரண்டு இருந்தால் வெள்ளை. இனி தட்டைப் பாருங்கள். பாதி சிவப்பு, பாதி இளஞ்சிவப்பு என்றால் முதல் பிரிவிலேயே ஒரு மகள் செல்லுக்குத் துண்டு கிடைக்கவில்லை. பாதி சிவப்பு, பாதி வெள்ளை என்றால் ஒரு மகளே இரண்டையும் சுருட்டிக்கொண்டாள். கண்ணால் காண முடியாத குரோமோசோமின் பாகப்பிரிவினையை வெறுங்கண்ணால் எண்ணியாயிற்று. புற்றுநோய்ச் செல்களில் குரோமோசோம் எண்ணிக்கை குழம்பிக் கிடப்பதை யோசித்தால் இதன் அருமை புரியும்.

ஆனால் இவர்களுக்கெல்லாம் சிவப்பு ஓர் அடையாளப் பலகை. அந்தச் சிவப்பு எங்கே, எப்படிச் சேர்கிறது என்பதையே கேள்வியாக எடுத்தது சண்டிகரில், நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்த ஆனந்த் பச்சாவத்தின் குழு. பிளவு ஈஸ்ட் என்ற வேறு இனத்தில், சிவப்பாக வேண்டிய ஏடிஇ6 பழுதுள்ள செல்கள் சில வெள்ளையாகவே இருந்தன. எந்த ஜீன் கெட்டதால் என்று தேடினால், அது குளூட்டாதயோன் தயாரிக்கும் ஜீன். நம் கல்லீரல் நச்சைக் கட்டி வெளியேற்ற வைத்திருக்கும் அதே பொருள்! அரைகுறைச் சரக்கோடு குளூட்டாதயோன் ஒட்டிக்கொள்ள, ஒரு பம்ப் அதைச் செல்லின் குப்பைக் கிடங்கான வெற்றிடப் பைக்குள் தள்ளுகிறது என்பது அவர்கள் முடிவு. 1997-ல் ஜெனிட்டிக்ஸ் இதழில் வந்தது.

2003-ல் அதே குழு செரிவிசியேவுக்குத் திரும்பி, நிறம் மங்கிய காலனிகளைப் பொறுக்கியே, நச்சு நீக்கும் இந்தப் பாதையில் வேலை செய்யும் புதிய ஜீன்களைப் பிடித்தது.