ஹாலே நகரின் மெட்டும் தஞ்சைக் கீர்த்தனையும்

பசறை, பதுளை முதலான ஊவாப் பகுதித் தோட்டங்களில் வாழும் புரட்டஸ்தாந்து கிறித்தவர்களிடையே வழங்கும் பாடல்கள் இருவகைப்படும். ஒன்று ஞானப்பாட்டு, மற்றது கீர்த்தனை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என அமைந்த கீர்த்தனை தஞ்சை மரபினது என்பது கேட்டவுடன் புலனாகும். பழைய ஞானப்பாட்டுகள் சிலவற்றின் மெட்டோ ஜேர்மனியிலிருந்து வந்தது.

பாரோக் காலத்து ஜேர்மன் இசையைப் பேசுவோர் மூவிழைச் சொனாட்டாக்களையே பெரிதும் போற்றுவர். இரு மேலிழைகள் ஒன்றையொன்று தொடர, கீழே தாழ்சுர இழையொன்று ஓடும். அதன்மீது குறித்த இலக்கங்களைக் கொண்டு, விசைப்பலகை வாசிப்பவர் உரிய சுரக்கூட்டுகளைத் தாமே நிரப்புவார். ஹாலே நகரில் பிரைலிங்ஹவுசன் (1670-1739) என்னும் குருவானவர் 1704இல் வெளியிட்ட பாடற்றொகுதியும் மெட்டோடு இலக்கமிட்ட தாழ்சுரத்தைக் கொண்டதே. அம்மெட்டுகள் துள்ளி நடப்பன, வழிபாட்டுக்குத் தகாதன என்று விற்றன்பேர்க் இறையியலாளர் 1716இல் வெளிவந்த கண்டனத்திற் சாடினர். இச்செய்தி பின்னர் நிகழ்ந்ததை நோக்கச் சுவை பயப்பது.

ஹாலே இயக்கத்தைச் சார்ந்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியை அடைந்தார். ஜேர்மன் மெட்டுகளுக்கு இசைந்த தமிழ்ப் பாடல்நூலொன்று 1715இல் அங்கே அச்சேறியது. பின்வந்த பப்ரிசியஸ் (1711-1791) இப்பணியைப் பெருக்கினார். எனினும் ஜேர்மன் பாட்டு அசையழுத்தத்தால் நடப்பது. தமிழ்ப் பாட்டு குறில் நெடில் அளவால் நடப்பது. குறிலை நீட்டியும் நெடிலைக் குறுக்கியும் பாடவேண்டிய இடர்ப்பாடு இதனால் நேர்ந்தது.

இவ்விடர்ப்பாட்டுக்கு விடைகண்டவர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). ஜேர்மானியரான சுவாட்ஸ் ஐயரிடம் தஞ்சையில் வளர்ந்த அவர், இராகதாளங்களில் அமைந்த கீர்த்தனைகளைப் பெருந்தொகையாக இயற்றினார். அடுத்த தலைமுறை மிசனரிமாரோ தமிழிசை வழிபாட்டுக்கு ஏலாது என்றனர். ஒருகாலத்தில் துள்ளலெனப் பழிக்கப்பட்ட இசைமரபின் வழிவந்தோர், பிறிதொரு மக்களின் இசைமீது அதே குற்றத்தைச் சுமத்தியமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. சாஸ்திரியார் எதிர்த்தெழுதினார். அவ்வெதிர்ப்போடு சாதி வேற்றுமையைப் பேணும் வாதமும் பிணைந்திருந்தது; அதனை மறைத்து அவரைப் புகழ்தல் நேர்மையாகாது. ஆயினும் இசையைப் பொறுத்தவரை வழக்கு அவர் பக்கமே தீர்ந்தது. மதுரை அமெரிக்க மிசனைச் சேர்ந்த வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார்.

மறு ஆண்டிலேயே, 1854இல், இலங்கையின் தோட்டத் தொழிலாளரிடையே 'தமிழ்க் கூலி மிசன்' தொடங்கியது. மிசனின் பெயரே தோட்டத்துரைமார் அம்மக்களை எந்நிலையில் வைத்திருந்தனர் என்பதைக் காட்டும். ஆயினும் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் அதே மக்களின் தாய்மொழியிலேயே பாட்டைக் கற்பித்தனர். ஹாலேயின் மெட்டும் தஞ்சையின் இராகமும் இவ்வாறு ஒருங்கே மலையேறின. சாஸ்திரியார் 1864இல் மறைந்தபோது ஊவாச் சரிவுகளைத் தேயிலை மூடியிருக்கவில்லை. அங்கு காப்பியே விளைந்துகொண்டிருந்தது.